தராசும் பண்டமும்: இணையத்தளங்களின் தன்னியக்கத் தரச்சோதனை பற்றிய ஒரு வாதம்

சுன்னாகச் சந்தையிலே வியாபாரியின் தராசுக்கு அரச முத்திரை வேண்டும். முத்திரையில்லாத தராசில் நிறுத்து விற்பது குற்றமாகும். எனினும், முத்திரையிட்ட தராசு கத்தரிக்காயின் நிறையைச் சொல்லுமேயன்றி, அது புழு அரித்ததா என்பதைச் சொல்லாது. அதனைக் காணவேண்டியவை வாங்குபவரின் கண்ணும் கையுமாகும். சந்தைக்குப் போகும் சிறுபிள்ளையும் அறிந்த இவ்வுண்மையை, இணையத்தளம் அமைக்கப் புகும் தமிழ்க் கல்வி நிறுவனங்களும் சங்கங்களும் பத்திரிகைகளும் அறியாதவை போல நடந்துகொள்வது வியப்புக்குரியது.

இவ்வறியாமை இருவகைப்பட்டது. ஒரு சாரார், தன்னியக்கத் தரச்சோதனைக் கருவி வழங்கும் புள்ளியையே தரமெனக் கொள்கின்றனர். தளத்தை ஆக்கிக் கொடுத்தவர் காட்டும் பச்சை வட்டத்தையும் அதனுள் இருக்கும் நூறு என்னும் எண்ணையும் கண்டு அவர்கள் திருப்தியடைகின்றனர். மறு சாரார், தமிழின் ஆழத்தை இயந்திரம் அளக்குமோ என்று வினவித் தராசையே தூக்கி எறிகின்றனர். முன்னவர் பண்டத்தைப் பார்க்க மறுப்பவர். பின்னவர் நிறுக்க மறுப்பவர். இருவராலும் வஞ்சிக்கப்படுபவர் வாசகர் ஒருவரே. இயந்திரச் சோதனையைத் தவறாது நடத்துவதும், அது முடிந்த இடத்திலிருந்து தமிழறிந்த ஒருவர் பக்கத்தை வாசித்துச் சோதிப்பதும் சேர்ந்தே தரச்சோதனையாகும். இவற்றுள் ஒன்றைச் செய்து மற்றையதைக் கைவிடுவோர் வாசகருக்குச் செய்யவேண்டிய கடமையிற் பாதியைத் தட்டிக்கழிப்பவராவர்.

1. சோதனை என்பது யாது?

வாதத்துக்குள் நுழையுமுன், இக்கருவிகள் செய்வது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். 2007ஆம் ஆண்டில், யாகூ நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் சௌடர்ஸ் என்பவர் 'வைஸ்லோ' என்னும் கருவியை வெளியிட்டார். வாசகர் காத்திருக்கும் நேரத்தில் எண்பது முதல் தொண்ணூறு வீதம் வரையான பங்கு, தளத்தைத் தாங்கிநிற்கும் வழங்கியில் செலவாவதில்லை. பக்கத்தின் உறுப்புகள் உலாவியை வந்தடைந்து உருப்பெறும் கட்டத்திலேயே செலவாகின்றது என்பது அவர் முன்வைத்த அவதானம். 2009இல் கூகுள் நிறுவனத்தின் 'பேஜ் ஸ்பீட்' வந்தது. 2016இல் அந்நிறுவனம் 'லைட்ஹவுஸ்' என்னும் திறந்த மூலக் கருவியை வெளியிட்டது; மறு ஆண்டில் அது குரோம் உலாவிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இன்று எவரும் ஒரு சதமும் செலவின்றி எந்தப் பக்கத்தையும் அதனால் சோதிக்கலாம்.

லைட்ஹவுஸ் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, இயல்பாக, நடுத்தரக் கைத்தொலைபேசி ஒன்றைப் பாவனை செய்கின்றது. கணினியின் செயற்றிறன் நான்கிலொன்றாகக் குறைத்துக் கொள்ளப்படும். இணைப்பின் வேகம் வினாடிக்கு 1.6 மெகாபிற்று என வரையறுக்கப்படும். ஒரு செய்தி போய்த் திரும்ப 150 மில்லிவினாடி ஆகும் எனக் கொள்ளப்படும். அந்நிலையில், முதலெழுத்தோ படமோ தோன்றும் நேரம், பக்கத்தின் மிகப்பெரிய உறுப்புத் தோன்றும் நேரம், நிரல்களின் வேலையால் உலாவி தடைப்பட்டு நிற்கும் நேரம், பக்கம் கண்ணுக்குப் புலப்படும் கதி, வாசிக்கும்போதே உறுப்புகள் இடம்பெயரும் அளவு ஆகிய ஐந்தும் அளக்கப்படும். 2023இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில், தடைப்படும் நேரத்துக்கு 30 வீதமும், மிகப்பெரிய உறுப்பின் நேரத்துக்கும் இடப்பெயர்வுக்கும் தலா 25 வீதமும், ஏனைய இரண்டுக்கும் தலா 10 வீதமும் பங்கு கொடுக்கப்பட்டுள்ளன. 90க்கு மேற்பட்ட புள்ளி பச்சை. 50க்குக் குறைந்தது சிவப்பு. வேகத்தோடு, அணுகற்றகைமை, நற்செயன்முறை, தேடுபொறிக்கு ஏற்றதாயிருத்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு.

இதனின் வேறாக, உண்மையான வாசகரின் உலாவிகளிலிருந்து திரட்டப்படும் அளவுகளும் உள. மிகப்பெரிய உறுப்பு 2.5 வினாடிக்குள் தோன்றல், தொடுகைக்கு 200 மில்லிவினாடிக்குள் பதிலளித்தல், இடப்பெயர்வு 0.1ஐத் தாண்டாதிருத்தல் என்பன கூகுள் வகுத்த எல்லைகள். வருகைகளுள் நான்கில் மூன்று இவற்றுக்குள் அமைதல் வேண்டும். ஆனால், போதிய வருகையாளர் இல்லாத தளங்களுக்கு இவ்வளவுகள் கிடையா. ஊர்ச் சங்கமொன்றின் தளமோ பாடசாலை ஒன்றின் தளமோ இந்நிலையிலேயே பெரும்பாலும் இருக்கும். ஆகவே, அத்தகைய தளங்களைப் பொறுத்தவரை, பாவனைக் கைத்தொலைபேசி ஒன்றின் ஒரேயொரு வருகையே இயந்திரம் கண்ட முழு உலகமுமாகும்.

2. வேகம் வேண்டாம் என்போருக்கு

தமிழாய்வுக்கு வேகம் எதற்கு என்று கேட்போர், அறிந்தோ அறியாமலோ, வசதி படைத்தோரின் பக்கம் நின்று பேசுகின்றனர். அகன்ற அலைவரிசை இணைப்பும் புதிய கணினியும் உடைய பேராசிரியருக்குப் பாரமான பக்கம் ஒரு கணத் தாமதம் மட்டுமே. முற்பணம் செலுத்திப் பெற்ற தரவைக் கொண்டு, பழைய கைத்தொலைபேசியில் வாசிக்கும் மாணவருக்கோ அது ஒரு வரி. அவ்வரியை விதித்தவர் தளத்தை அமைத்தவர். செலுத்துபவர் ஏழை வாசகர். பாரமான பக்கம் என்பது அழகியற் குறை மட்டுமன்று, சமத்துவக் குறையுமாகும்.

தமிழ் எழுத்தே பாரமானது, நாம் என் செய்வோம் என்னும் சமாதானமும் உண்டு. கணக்குப் பார்த்தால் அச்சமாதானம் நில்லாது. ஒருங்குறியின் வழக்கமான இணையக் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று இடம் பிடிக்கும். 'தமிழ்' என்னும் சொல்லில் ஐந்து குறிகள், ஆகவே 15 பைற்று. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத ஐந்து பைற்றுப் போதும். இது மெய்யே. எனினும், இரண்டாயிரம் சொற்கொண்ட தமிழ்க் கட்டுரையொன்று, சுருக்கப்படாத நிலையிலும், ஏறத்தாழ ஐம்பது கிலோபைற்று அளவினதே. வழங்கியிலிருந்து சுருக்கி அனுப்பினால் அதன் ஒரு சிறு பங்கேயாகும். கைத்தொலைபேசியால் எடுத்து அப்படியே ஏற்றப்பட்ட ஒரு புகைப்படமோ எளிதில் மூன்று மெகாபைற்றைத் தொடும். விழாத் தலைவர் பொன்னாடையோடு நிற்கும் அந்த ஒரு படம் அறுபது கட்டுரைகளின் பாரமுடையது. லைட்ஹவுஸ் பாவனை செய்யும் இணைப்பில் வினாடிக்கு இருநூறு கிலோபைற்று வரும்; கட்டுரை கால் வினாடியில் வந்து சேர, படம் வரப் பதினைந்து வினாடி வேண்டும். குற்றம் தமிழ் எழுத்திலா, தலைவரின் படத்திலா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இவ்விடத்திலேதான் இயந்திரச் சோதனையின் பயன் வெளிப்படுகின்றது. எந்தப் படம் அளவுக்கு மிஞ்சியது, எந்த நிரல் பயனின்றி இறக்கப்படுகின்றது, எந்த எழுத்துரு வந்துசேரும்வரை பக்கம் வெறுமையாய் நிற்கின்றது, எந்த விளம்பரம் இடையிற் புகுந்து வாசிக்கும் வரியைக் கீழே தள்ளுகின்றது என்பவற்றை அது பெயர் சொல்லிக் காட்டும். முகம் பாராது, பதவி பாராது, நன்கொடையாளர் யார் என்று பாராது காட்டும். நமது சமுதாயத்தில் அத்தகைய விமரிசகர் எளிதிற் கிடைப்பதில்லை. அதனைப் புறக்கணிப்பது அறியாமை. தமிழ்ப் பற்றின் பேரால் புறக்கணிப்பது அதனினும் பெரிய பிழை.

3. புள்ளியை வணங்குவோருக்கு

இனி மறு சாராரை நோக்குவோம். இன்றைய சூழலில் பெருந்தீங்கு விளைப்போர் இவர்களே. ஏனெனில், முற்போக்கின் வேடத்தில் வருபவர்கள் இவர்கள். ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அதன்மேல் அழுத்தம் செலுத்தத் தொடங்கியதும், அவ்வளவு தன் பொருளை இழக்கும் என்பதைப் பிரித்தானியப் பொருளியலாளர் சாள்ஸ் குட்ஹார்ட் 1975ஆம் ஆண்டிலேயே நாணயக் கொள்கை தொடர்பாகச் சுட்டிக்காட்டினார். யாழ்ப்பாணத்து மாணவருக்கு இதனை விளக்க நாணயக் கொள்கை வேண்டியதில்லை. இசட் புள்ளிக்காகப் பாடத்தைக் கைவிட்டு மாதிரி வினாத்தாளை மனனம் செய்யும் கல்வியின் விளைவை அவர்கள் நன்கறிவர்.

இணையத்திலும் அதே தனியார் வகுப்பு நடைபெறுகின்றது. சோதனைக் கருவி வருவதை அடையாளங்கண்டு, அதற்கு மட்டும் நிரல்களை மறைத்து வெறும் பக்கத்தைக் காட்டும் தந்திரம் உண்டு. வாசகர் திரையைத் தொடும்வரை எல்லாப் பாரத்தையும் ஒத்திவைத்து, தொட்டவுடன் மொத்தமாய்த் தலையில் இறக்கும் தந்திரமும் உண்டு. இயந்திரம் திரையைத் தொடாதாகையால் அதற்குப் பாரம் தெரியவராது. இவற்றை 'வேக மேம்பாடு' எனப் பெயரிட்டு விற்போர் உளர். வாங்குவோர் பச்சை வட்டத்தைப் பெறுகின்றனர். வாசகர் முன்போலவே காத்திருக்கின்றார்.

நேர்மையாகப் பெற்ற புள்ளிக்கும் எல்லை உண்டு. பாவனை வாசகர் ஒருவர் தனியே வந்து போவதையே அக்கருவி காணும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் ஒரு தளத்தின் கதவைத் தட்டும்போது அது திறக்குமா என்பதை அப்புள்ளி கூறாது. காலையில் வெறிச்சோடிய வீதியை அளந்துவிட்டுத் தேர்த் திருவிழாவுக்கு அது போதும் என்பது போன்றது, ஒற்றை வருகையின் புள்ளியைக் கொண்டு ஒரு தளத்தின் தாங்குவலிமையைச் சாதிப்பது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எது மதிப்புடையது என்ற வினாவுக்குப் புள்ளியிடம் விடையில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அழிந்தன. அவ்வழிவின் நினைவைச் சுமந்த சமுதாயத்திலிருந்து 2005இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் மலர்களும் அங்கே பக்கப் படிமங்களாகக் காக்கப்படுகின்றன. அதன் முகப்புப் பக்கத்தையும், நான்கு படமும் ஒரு வாழ்த்துச் செய்தியும் கொண்ட விளம்பரத் தளமொன்றையும் ஒரே கருவியில் இட்டால், பின்னது கூடிய புள்ளி பெறக்கூடும். வெறுமையைவிட வேகமானது யாதுமில்லை. நூறு புள்ளி பெறுவதற்கு மிகச் சுலபமான வழி, சொல்வதற்கு ஒன்றும் இல்லாதிருத்தலே.

4. இயந்திரம் வாசிக்காதவை

அணுகற்றகைமை என்னும் பிரிவிலேயே இவ்வாதம் கூர்மையடைகின்றது. சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடத்தில் வாழ்வகம் என்னும் விழிப்புலனற்றோர் இல்லம் இயங்குகின்றது. கட்பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரலைக் கேட்டே இணையப் பக்கத்தை வாசிப்பர். 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகக் கிடைக்கும் அத்தகைய மென்பொருள். தமிழைப் பேசும் குரலும் அதற்குண்டு. அத்தகைய மாணவர் ஒருவரின் நிலையில் நின்று, அணுகற்றகைமையில் நூறு பெற்ற தமிழ்ப் பக்கமொன்றை நோக்குக.

முதலாவது, மொழிக் குறிப்பு. ஒரு பக்கம் எம்மொழியிலானது என்று அதன் தலைப்பில் குறித்தல் வேண்டும். குறிப்பு உண்டா, அது செல்லுபடியான மொழிக் குறியா என்பதை இயந்திரம் சோதிக்கும். முழுப் பக்கமும் தமிழில் இருக்க, வார்ப்புருவோடு வந்த 'ஆங்கிலம்' என்ற குறிப்பு அப்படியே கிடந்தாலும் அது தேர்ச்சியளிக்கும். திரைவாசிப்பானோ அக்குறிப்பை நம்பித் தமிழை ஆங்கிலக் குரலில் உச்சரிக்க முற்பட்டு, கேட்போரை அல்லற்படுத்தும்.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். ஈழத்தில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. அதில் 'தமிழ்' என்று தோன்றுவது, உண்மையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உளறல். பாமினியில் இட்ட பக்கத்தை இயந்திரம் குறைகூறாது. மாறாக, பைற்று குறைந்தமையால் அது விரைந்தும் வரும். ஆனால், தேடுபொறியில் தமிழால் அதனைக் கண்டெடுக்க முடியாது. கட்பார்வையற்றவரின் காதில் அது பொருளற்ற ஒலியாகவே விழும்.

மூன்றாவது, படமாக்கப்பட்ட எழுத்து. அறிவித்தல்களையும் அஞ்சலிகளையும் கட்டுரைகளையும்கூடப் படமாக்கி ஏற்றும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. படத்துக்கு மாற்றுரை உண்டா என்றே இயந்திரம் கேட்கும். 'படம் 1' என்று எழுதிவிட்டால் அது மௌனமாகிவிடும். ஆயிரம் சொல் கொண்ட ஒரு கட்டுரை, கட்பார்வையற்ற மாணவருக்கு 'படம் 1' என்ற இரு சொல்லாக முடிந்துபோகும்.

இவை தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்துகள் அல்ல. 2017இல் பிரித்தானிய அரசின் எண்ணிமச் சேவைப் பிரிவினர், நூற்றுக்கும் மேற்பட்ட தடைகளை வேண்டுமென்றே புகுத்திய பக்கமொன்றை உருவாக்கிப் பல கருவிகளால் சோதித்தனர்; மிகச் சிறந்த கருவியும் அவற்றுள் ஐந்தில் இரண்டு பங்களவையே கண்டுபிடித்தது. 2019இல் இணைய வடிவமைப்பாளர் மானுவேல் மட்டுசோவிச், எவராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தை ஆக்கி, அதற்கு லைட்ஹவுஸ் அணுகற்றகைமைப் பிரிவில் முழுப் புள்ளி பெற்றுக் காட்டினார். கருவியை ஆக்கியோரும், மனிதர் கையாற் செய்யவேண்டிய சோதனைகளின் பட்டியலைப் புள்ளிக்குக் கீழேயே தந்துள்ளனர். புள்ளியைப் படம்பிடிப்போர் அப்பட்டியல்வரை இறங்கி வருவதில்லை.

5. சுன்னாகம் கற்பித்த பாடம்

அளவை என்பது எதனை அளக்கத் தெரிகிறோம் என்பதிலேயே தங்கியுள்ளது என்ற உண்மையைச் சுன்னாகத்து மக்கள் நூலிற் கற்கவில்லை; கிணற்றிற் கற்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லிடைத் தேங்கிய நிலத்தடி நீரே உயிர்நீர். மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரிதாக எழுந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள், பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் ஏற்கத்தக்க எல்லையை மீறியுள்ளன எனக் காட்டின. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ அச்சத்துக்கு இடமில்லை என்னும் கருத்துப்பட அறிக்கையிட்டது. நீர் ஒன்று, அறிக்கை இரண்டு. ஈற்றில், 2019 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் மாசு நேர்ந்ததை ஏற்று, மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இணையப் பக்கத்தின் குறை கிணற்று நீரின் மாசுக்கு நிகரானது என்று எவரும் கூறார். இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்றே: அறிக்கையின் முடிவை மட்டும் ஏற்போர் ஏமாறுவர், எதனை அளந்தீர், எதனை விட்டீர், அந்நீரைக் குடிப்பவரைக் கேட்டீரா என்று வினவுவோரே உண்மையை அணுகுவர். அவ்வாறு வினவுவதற்கும் அளவை வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. சோதனை நடந்திராவிடின், மக்களின் முறைப்பாடு வெறும் வதந்தியென்றே தள்ளப்பட்டிருக்கும்.

இம்மண்ணுக்கு வேறொரு மரபும் உண்டு. தமிழ்ப் புலவர் சரித்திரம் (1916) தந்த அ. குமாரசாமிப் புலவர் (1854–1922) சுன்னாகத்தவர். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) பிறந்த சிறுப்பிட்டியும் தொலைவில் இல்லை. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்து அச்சேற்றிய அக்காலத்தவர் அச்சியந்திரத்தை வெறுத்தாரல்லர். அதனை விரும்பிப் பயன்படுத்தினர். ஆயினும், பிழையான பாடத்தையும் இயந்திரம் அழகாகவே அச்சிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பார்வைப் படியைப் படித்துத் திருத்தும் பொறுப்பை அவர்கள் இயந்திரத்திடம் ஒப்படைக்கவில்லை. திருமகள் அழுத்தகம் இயங்கிய ஊருக்குப் பார்வைப் படி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நூறு புள்ளியோடு நின்றுவிடும் தளம், பார்வைப் படி பாராது வெளியிட்ட நூலேயாகும்.

6. செய்ய வேண்டுவது

வசதியற்ற சிறிய சங்கங்கள் இவ்வளவும் செய்ய இயலுமா என்ற ஆட்சேபம் எழலாம். இயலும். இயந்திரச் சோதனைக்குப் பணம் வேண்டியதில்லை. மனிதச் சோதனைக்கு வேண்டுவது ஒருவரின் ஒரு மாலைப்பொழுது. புதிய பதிவு ஏறும்போதெல்லாம் கருவியை இயக்கி, அது பெயர் சொல்லிக் காட்டும் பாரங்களைக் குறைத்தல் வேண்டும். அதன்பின் ஒருவர் பழைய கைத்தொலைபேசியில், வீட்டு இணைப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தைத் திறந்து இறுதிவரை வாசித்தல் வேண்டும். மொழிக் குறிப்பு 'தமிழ்' என்று உள்ளதா என நோக்குதல் வேண்டும். பக்கத்திலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் தமிழாகவே வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். வராவிடின் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். திரைவாசிப்பானை இயக்கிக் கண்ணை மூடிக் கேட்டல் வேண்டும். இயலுமாயின், கட்பார்வையற்ற மாணவர் ஒருவரையே அழைத்து, அவர் கூறுவதைத் திருத்தப் பட்டியலின் முதலிடத்தில் வைத்தல் வேண்டும்.

இதில் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்பான கடமை உண்டு. கணினி விஞ்ஞானம் பயில்வோர் தமிழை மொழித்துறையின் காரியம் என்றும், தமிழ் பயில்வோர் இணையத்தளத்தைப் பொறியியலாளரின் காரியம் என்றும் ஒதுக்கிவைக்கும் காலம்வரை, குறிப்பு ஆங்கிலத்திலும் பக்கம் தமிழிலுமாகவே கிடக்கும். லைட்ஹவுஸ் திறந்த மூலக் கருவி. அதில் புதிய சோதனைகளைச் சேர்க்க வழியுண்டு. பக்கத்தின் எழுத்து பெரும்பாலும் தமிழாயிருக்க மொழிக் குறிப்பு வேறாயிருந்தால் குறைகூறும் சோதனையொன்றையும், பாமினிப் பாடத்தை இனங்காணும் சோதனையொன்றையும் எழுதுவது இறுதியாண்டு மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. இயந்திரம் தமிழ் வாசிக்காது என்று குறைகூறிக்கொண்டிருப்பதிலும், அதற்குத் தமிழின் முதலெழுத்துகளையேனும் கற்பிப்பது மேலான பணியாகும்.

அதுவரை ஒரு விதி போதும். தளம் ஒன்றை ஏற்றுக்கொள்ளுமுன், ஆக்கியவர் நீட்டும் புள்ளியைக் குழுவினர் பார்க்கட்டும். பார்த்தபின், அதை வாசித்தவர் யார் என்று கேட்கட்டும். பெயர் சொல்லக்கூடிய ஒரு வாசகரேனும் இல்லாத தளத்துக்குப் பணம் கொடுக்கப்படலாகாது.